டிஜே ஸ்க்ரூ கேசட்டுகளை டிஜிட்டலாக்கும்போது வேகத்தைத் திருத்தாதீர்கள்

அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1990களில் டிஜே ஸ்க்ரூ என்ற இசைக் கலைஞர் ராப் பாட்டுகளைக் கலந்து விற்ற கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையில் முதலில் எழும் கேள்வி வேகம்தான். அவர் பாட்டை வேண்டுமென்றே மெதுவாக்கினார்; அந்த மெதுவே அவருடைய கலை. ஆகவே, குரல் இழுக்கிறதே என்று காதால் கேட்டுச் சரிசெய்தால் அவர் செய்ததையே அழித்துவிடுவோம். டேப்பை விட்டுவிட்டு, கேசட்டை ஓட்டும் டெக்கின் வேகத்தை அளந்தோம். 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட்டைப் போட்டு, கணினித் திரையில் எண்ணைப் பார்த்தபடி, மோட்டாரின் பின்னால் உள்ள சிறு திருகைத் திருப்பினோம். 32 ஹெர்ட்ஸ் தள்ளி நின்றால் 1 சதவீதப் பிழை. ஏறத்தாழ 6 சதவீதம் போனால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானம் (செமிடோன்) நகர்ந்துவிடும். டெக் சூடேறும் வரை எண் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகே அளக்க வேண்டும்.

இன்று கையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நகலின் நகல். நகலெடுத்த டெக்கின் வேகப் பிழையும் அதில் பதிந்திருக்கும். அதையும் திருத்தவில்லை, குறிப்பில் மட்டும் எழுதினோம். ஒரே கேசட்டின் இரண்டு நகல்கள் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக எடுப்பதுதான் நல்லது. எது மூலத்துக்கு நெருக்கம் என்று பின்னால் வருகிறவர் ஒப்பிட்டுக்கொள்வார்.

அடுத்தது டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு. வீட்டு டெக்கில் பதிந்த டேப் அந்த டெக்கின் சாய்வோடுதான் இருக்கும். நம் ஹெட் அதற்குப் பொருந்தாவிட்டால் ஹைஹாட் (டிரம்மின் ஜோடித் தட்டு) மங்கி, ஒலி போர்வைக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்து, ஹெட் பக்கத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஹைஹாட் மிகத் தெளிவாக வரும் இடத்தில் நிறுத்தினோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் இதை மறுபடி செய்ய வேண்டும். ஆட்டோ ரிவர்ஸ் டெக்கில் திரும்பும்போது இந்த அமைப்பு கலைந்துவிடும், அதனால் அந்த வகை டெக் இந்த வேலைக்கு வேண்டாம்.

ஹெட்டையும் டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தோம். பழைய கேசட்டுகளில் டேப்பை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சு பசை காய்ந்து விழுந்திருக்கும். ஒலி ஏறி இறங்கினால் முதலில் அதைப் பாருங்கள். விழுந்திருந்தால், திருகு வைத்த புதிய கூட்டுக்குள் டேப்பை மாற்றிவிடலாம். 100 நிமிட டேப் 90 நிமிட டேப்பைவிட மெலிது, எளிதில் சிக்கும். ஒரு முறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, பிறகு நடுவில் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும்.

டால்பி என்ற இரைச்சல் குறைப்பு முறையைப் போட்டுப் பதிந்ததாக உறையில் குறிப்பு இல்லாதவரை டால்பியை அணைத்தே எடுத்தோம். பதிவு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். நிமிடத்துக்குச் சுமார் 35 மெகாபைட், 50 நிமிடப் பக்கத்துக்கு 1.7 ஜிகாபைட். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பில் தொடவே கூடாது. அவர் ஓட்டிய ரெக்கார்டின் (இசைத்தட்டின்) கீறல், நடுவில் நண்பர்கள் பெயரை அழைக்கும் குரல் எல்லாம் அந்தக் கேசட்டின் பகுதி. இரைச்சலோடு சேர்ந்து அவையும் தேயும். பாட்டுப் பாட்டாக வெட்டவும் இல்லை. கலவை இடைவெளியில்லாமல் ஓடுவது. ஒரு பக்கம் ஒரு கோப்பு, பாட்டு தொடங்கும் நேரங்கள் தனி உரைக் கோப்பில். கேசட் உறையை 600 டிபிஐயில் இருபுறமும் ஸ்கேன் செய்தோம்.

பொதுவில் ஏற்றுவதுதான் கடினமான இடம். அமெரிக்காவில் 2018இல் வந்த சட்டம் விற்பனையில் இல்லாத பழைய ஒலிப்பதிவுகளுக்குக் கொஞ்சம் வழிவிடுகிறது. ஆனால் அது 1972க்கு முந்தையவற்றுக்கு மட்டும். ராப் ரெக்கார்டுகள் விற்பனைக்கு வந்ததே 1979இல், ஆகவே இந்த இசைக்கு அந்தச் சலுகையே இல்லை. ஸ்க்ரூ 2000இல் இறந்த பிறகும் அவருடைய கலவைகள் குறுவட்டாக விற்கப்படுகின்றன; அவற்றை நாங்கள் ஏற்றவில்லை, விவரப் பட்டியல் மட்டும் எழுதினோம். சிதைந்துவரும் பிரதிக்கு மாற்று நியாயமான விலையில் கிடைக்காதபோது நூலகம் 3 நகல் வரை எடுக்கலாம் என்கிறது அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. ஸ்க்ரூவின் ரெக்கார்டுகளே ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அரிய கேசட் வைத்திருப்பவர் அப்படிப்பட்ட நூலகத்திடம் பேசுவதே சரி.

அனுமதி கிடைத்தவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக ஏற்றினோம். எம்பி3 நகலை அந்தத் தளமே உருவாக்கிக்கொள்ளும். பக்க முகவரியாகும் அடையாளப் பெயரைப் பிறகு நாமாக மாற்ற முடியாது, அதனால் கேசட் பெயர், ஆண்டு, எத்தனையாவது நகல் என்பதை யோசித்து வைக்க வேண்டும். ஏற்றிய பின் தளம் காட்டும் எம்டி5 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்) நம் வட்டில் உள்ள கோப்பின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் கோப்பு வழியில் கெட்டிருக்கிறது. மீண்டும் ஏற்ற வேண்டும்.