டில்பர்க் மடத்தின் இலையுதிர்கால பாக் பியர்

செப்டம்பர் பிறந்தால் நெதர்லாந்தின் மதுக்கூடங்களில் பாக் பியர் வரத் தொடங்கிவிடும். ஜெர்மனியின் ஐன்பெக் நகரில் தோன்றி மியூனிக்கில் வளர்ந்த இந்த வலுவான பியர், அங்கே தவக்காலத்தோடும் வசந்தத்தோடும் சேர்த்துப் பேசப்படுவது. டச்சுக்காரர்கள் அதை இலையுதிர்காலத்துக்கு உரியதாக்கிக்கொண்டதோடு, அக்டோபர் இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் அதற்கென்றே ஒரு திருவிழாவும் நடத்துகிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் நின்றபடி குடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆகவே தெற்கே, பெல்ஜிய எல்லையை ஒட்டிய வடக்கு பிரபாண்ட் மாகாணத்தில், டில்பர்க் நகருக்கு அருகிலுள்ள கோனிங்ஸ்ஹூவன் துறவற மடத்துக்குச் சென்றேன். ‘லா ட்ராப்’ என்ற பெயரில் விற்கப்படும் பியர்கள் இங்குதான் காய்ச்சப்படுகின்றன.

டில்பர்க் ரயில் நிலையத்திலிருந்து மடத்துக்கு வாடகை சைக்கிளிலேயே போய்விடலாம். வழி நெடுகச் சமதளம். முன்பு மன்னர் இரண்டாம் வில்லெமுக்குச் சொந்தமான பண்ணைகள் இருந்த நிலம் இது. பிரான்சில் துறவற சபைகளுக்கு எதிரான சட்டங்கள் இறுகியபோது, மோந்த் தே கா மடத்தைச் சேர்ந்த டிராப்பிஸ்ட் துறவியர் (புனித ஆசீர்வாதப்பரின் விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றும் கத்தோலிக்க சபையினர்) 1881இல் இங்கே அடைக்கலம் தேடி வந்தனர். மணற்பாங்கான இந்த மண்ணை நம்பி மட்டும் மடத்தை நடத்த இயலாது என்று கண்டு 1884இல் பியர் காய்ச்சத் தொடங்கினர். தன் கைகளால் உழைத்து உண்பவரே உண்மையான துறவி என்பது புனித ஆசீர்வாதப்பரின் சபை விதி. அந்த வகையில் மடத்துக்கு மதுவாலை பொருந்தாத தொழில் அல்ல. 1999இல் ஒரு பெரிய பியர் நிறுவனத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின் காரணமாக, அசல் டிராப்பிஸ்ட் தயாரிப்பு என்பதைக் காட்டும், டிராப்பிஸ்ட் சங்கத்தின் அறுகோண முத்திரையைப் பயன்படுத்தும் உரிமையை இம்மடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 2005இல் அது மீண்டும் கிடைத்தது. உலகில் டிராப்பிஸ்ட் மடமொன்றில் காய்ச்சப்படும் ஒரே பாக் பியர் தங்களுடையதே என்று மதுவாலையினர் பெருமையோடு சொல்கிறார்கள்.

மதிலை ஒட்டிய சுவைக்கூடத்தில் அந்த பாக் பியர், குட்டையான தண்டும் அகன்ற வாயும் கொண்ட கண்ணாடிக் கோப்பையில் வந்தது. மேசைமேல் இருக்கையில் அது ஏறக்குறையக் கறுப்பு. சன்னல் பக்கம் உயர்த்திப் பிடித்தால் அடிப்பகுதியில் மாணிக்கச் சிவப்பு தெரிந்தது. வெண்மை சற்று மங்கிய பழுப்பு நுரை இரண்டு விரல் உயரத்துக்கு எழுந்து, மெதுவாக அடங்கி, கோப்பையின் உட்புறத்தில் வலைபோல் ஒட்டிக்கொண்டது.

குளிர்ச்சியாக இருந்தபோது மணம் அவ்வளவாக எழவில்லை. வறுத்த ரொட்டியின் மேற்பொருக்கு, அதன் பின்னால் மெல்லிய கிராம்பு வாசனை, அவ்வளவே. முதல் வாயில் இனிப்பு முந்திக்கொண்டது. சர்க்கரையின் தட்டையான இனிப்பு அல்ல அது. பனங்கருப்பட்டியைக் கடித்தால் இனிப்போடு சேர்ந்து புகையும் சிறு கசப்பும் வருமே, அந்த வகை. பிறகு உலர்திராட்சையும் அத்திப்பழமும் நாவில் தெரிந்தன. விழுங்கிய பின்தான் வறுத்த மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கசப்பு அடித்தொண்டையில் நின்று, முன்னர் வந்த இனிப்பைத் துடைத்துவிட்டது. ஏழு சதவீத ஆல்கஹால் எங்கும் துருத்திக்கொண்டு தெரியவில்லை. மார்பில் பரவிய மெல்லிய வெம்மைதான் அதற்குச் சாட்சி.

இந்தச் சுவைகளெல்லாம் பார்லியிலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் வருபவை. முளைகட்டிய பார்லியைக் கூடுதல் வெப்பத்தில் உலர்த்தும்போது அதிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நிறத்தையும் ரொட்டி மணத்தையும் உண்டாக்குகின்றன. இன்னும் கடுமையாக வறுத்த மால்ட்டைச் சிறிதளவு சேர்த்தால் காப்பிக்கொட்டையின் கசப்பு கிடைக்கிறது. ஜெர்மானியர் பாக் பியரைக் குளிர்ந்த நிலையில் நொதிக்கும் லாகர் ஈஸ்ட் கொண்டு காய்ச்சி, வாரக்கணக்கில் குளிரிலேயே முதிரவிடுவதால், அதில் மால்ட்டின் குரல் மட்டுமே கேட்கும். இம்மடத்தில் பயன்படுவதோ பெல்ஜிய மடங்களின் வழியில் வெதுவெதுப்பான நிலையில் நொதிக்கும் ஈஸ்ட். பழ மணமும் கிராம்பு வாசனையும் அதன் கொடை. மியூனிக் ஆசாரப்படி பார்த்தால் இதைப் பாக் என்று ஒப்புக்கொள்ளவே தயங்குவார்கள். எனக்கு அந்த ஆசாரத்தில் பிடிப்பில்லை.

அப்படியானால் இது டபல் எனும் வழக்கமான மடத்து பியரே பெயர் மாற்றி வந்ததுதானா என்ற ஐயம் எழுவது இயல்பு. அதே மதுவாலையின் டபலிலும் ஆல்கஹால் ஏழு சதவீதம்தான், நிறமும் கரும்பழுப்பே. பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். டபலில் பழமும் காரமெல் இனிப்பும் முன்னால் நிற்கின்றன, முடிவு மென்மையாகக் கரைந்துவிடுகிறது. பாக்கில் வறுவல் தூக்கலாகவும் கசப்பு உறுதியாகவும் இருப்பதால் அடுத்த வாய்க்கு நாக்கு தயாராகிவிடுகிறது. 1991இல் இங்கே அறிமுகமான பத்து சதவீத ஆல்கஹால் கொண்ட குவாட்ருபல் எனும் கனமான பியரைத்தான் பலரும் இம்மடத்தின் உச்சமாகக் கொண்டாடுகிறார்கள். பாதிக் கோப்பைக்குள்ளேயே திகட்டிவிடும் அந்தக் கனத்தைவிட, முழுக் கோப்பையையும் சலிப்பில்லாமல் முடிக்க வைக்கும் இந்த பாக் மேலானது என்பது என் கட்சி.

அவசரப்படாமல் அரை மணி நேரம் விட்டுவைத்ததற்குப் பலன் இருந்தது. கோப்பை அறையின் வெப்பத்துக்கு நெருங்கியபோது மூடிக்கிடந்த மணங்கள் திறந்தன: கோக்கோ, உலர்ந்த பேரீச்சை, இலேசான அதிமதுரம். பரிமாறுபவர் ஏன் இவ்வளவு சில்லென்று கொண்டுவருகிறார் என்றுதான் விளங்கவில்லை. துணைக்கு வந்தவற்றில், டச்சு மதுக்கூடங்கள் எல்லாவற்றிலும் கிடைக்கும் பிட்டர்பாலன் எனும் பொரித்த இறைச்சி உருண்டை வெறும் உப்பும் எண்ணெயுமாக நின்றுவிட்டது. மடத்தின் பாலாடைக்கட்டியோ பியரின் கசப்பைத் தணித்து, அதன் கருகல் இனிப்பை மேலே கொண்டுவந்தது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: இது பருவத்துக்கு மட்டும் காய்ச்சப்படுவது, குளிர்காலம் முற்றினால் கடைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். மடத்தின் கடையில் பாட்டில்களாகக் கிடைக்கிறது. அடியில் ஈஸ்ட் வண்டல் தங்கியிருக்கும் என்பதால் நிமிர்த்தி வைத்து, ஊற்றும்போது கடைசி விரலளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுவது நல்லது. கலங்கி விழுந்தால் கெடுதல் ஒன்றுமில்லை, அந்த மாணிக்க நிறம் மட்டும் தெரியாமல் போகும்.