சொட்டின் வேகம்

மார்ச் 4, 2024

புதன்கிழமை ஒரு பெண் குதிரைக்குக் கடைவாய்ப்பல் எடுக்க வேண்டும். எடை 500 கிலோ. நிற்கவைத்தே எடுக்கலாம் என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன். 2002-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், முழு மயக்கம் கொடுக்கப்பட்ட குதிரைகளில், சூலை நோய் (குடல் கோளாறால் வரும் கடும் வயிற்றுவலி) இல்லாதவற்றிலேயே 0.9 சதவீதம் இறந்திருக்கின்றன. நாய், பூனைகளைவிட இது பல மடங்கு அதிகம். மாற்று வழி இருக்கும்போது அவளைப் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 5

குதிரையை நின்றபடியே அரைமயக்கத்தில் வைக்கும் டெட்டோமிடின் மருந்தின் கணக்கைப் போட்டு முடித்தேன். முதல் ஊசி கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 5 மில்லிகிராம். பிறகு அதே மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றும் சொட்டு, நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.6 மைக்ரோகிராமில் தொடங்கி, கால் மணிக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

ஏன் குறைக்க வேண்டும் என்று பயிற்சி மருத்துவர் கேட்டார். நல்ல கேள்வி. தொடக்கத்தில் தசைகள் காய்ந்த மண் நீரை இழுப்பதுபோல் ரத்தத்திலிருந்து மருந்தை இழுத்துக்கொள்கின்றன. அவை நிரம்ப நிரம்ப, அதே வேகத்தில் கொடுத்தாலும் ரத்தத்தில் அளவு ஏறும். இன்னொன்றும் உண்டு. இந்த மருந்து இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தைக் குறைக்கிறது. கல்லீரலுக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. மருந்தைச் சிதைத்து வெளியேற்ற வேண்டியது அந்தக் கல்லீரல்தான். சொட்டின் வேகத்தை ஒருமுறை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களை நான் ஏற்பதில்லை.

மார்ச் 6

ஊசி போட்டதும் தலை தாழ்ந்தது, கீழுதடு தொங்கியது. இதயத் துடிப்பு 36-லிருந்து 24-க்கு இறங்கி, இடையிடையே ஒரு துடிப்பு விட்டுப்போனது. இந்த மருந்து வகையில் இது எதிர்பார்க்கக்கூடியதே. தலையைத் தாங்கியில் வைத்தோம். தொங்கவிட்டால் மூக்கின் உட்புறம் வீங்கி மூச்சு தடைப்படும்.

பல்லை அசைத்தபோது குதிரை உதறியது. சொட்டைக் கூட்டலாமா என்றார் பயிற்சி மருத்துவர். வேண்டாம் என்றேன். வலிக்கு விடை மேல்தாடை நரம்பில் போடும் மரப்பு ஊசி. அதை மறுபடி போட்டதும் அடங்கிவிட்டது.

ஒரு மணி நேரம் தாண்டியதும் பின்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்தது. சொட்டு போதவில்லை என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். உண்மையில் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தது. இம்மருந்து ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது, நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனை அடக்குகிறது, சிறுநீர் பெருகுகிறது. குழாய் வைத்து வெளியேற்றினோம், அமைதியாக நின்றது. பல் முழுதாக வந்தது.

மார்ச் 7

குடல்தான் எனக்குப் பெரிய கவலை. நீண்ட சொட்டு குடலசைவை மந்தமாக்கும்; அடைப்பும் சூலையும் அதிலிருந்து தொடங்கலாம். விழுங்கும் திறன் முழுமையாகத் திரும்பும்வரை வைக்கோல் கொடுக்கவில்லை. இரவு வயிற்றின் இருபுறமும் ஓசை கேட்டது. காலையில் சாணம் போட்டிருந்தது.

அடுத்த வாரம் தள்ளாடும் வயதான குதிரை ஒன்று வருகிறது. அதற்கு இதே வகை மருந்தான ரோமிஃபிடின் எடுத்துவைக்கிறேன். கால் தடுமாற்றம் குறைவு. ஆனால் தாக்கம் நீண்ட நேரம் நிற்கும். அறுவைக்குப் பிறகும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.