விண்வெளி வீரராகும் பாதையின் முதல் வாயில்: விமானப்படைத் தேர்வில் நான் கண்டவை

இந்திய விமானப்படையின் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம்-4 என்னும் தனியார் விண்வெளிப் பயணத்தின் விமானியாக விண்ணுக்குப் புறப்பட்டபோது, ஊரெங்கும் ராக்கெட்டைப் பற்றியும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தைப் பற்றியுமே பேச்சு. எனக்கோ, 2006 ஜூனில் அவர் போர் விமானியாகப் பணியில் சேர்வதற்கும் முன்பே கடந்திருக்க வேண்டிய வாயில்கள்தாம் நினைவுக்கு வந்தன. அவற்றின் இன்றைய வடிவத்தை அப்போதுதான் நானும் கடந்து வந்திருந்தேன். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரும், சுக்லா உட்பட, விமானப்படையின் சோதனை விமானிகள். ஆகவே, அந்தப் பாதை எங்கே தொடங்குகிறது என்று அறிய விரும்பும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்தவுடன் என்.டி.ஏ. என்னும் தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாகச் செல்லலாம், சுக்லா அப்படித்தான் சென்றார். பட்டம் பெற்றவர்களுக்கு ஏ.எப்.சி.ஏ.டி. என்னும் விமானப்படைப் பொது எழுத்துத் தேர்வு உண்டு. நான் பொறியியல் முடித்து இரண்டாவது வழியில் சென்றேன். விமானிகளுக்கான பறக்கும் பிரிவுக்குப் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும், பட்டப்படிப்பில் 60 விழுக்காடு வேண்டும், வயது 20 முதல் 24க்குள் இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முறையாகப் படித்தால் தேறிவிடலாம்.

அதன்பின் மைசூரில் உள்ள விமானப்படைத் தேர்வு வாரியம். உளவியல் தேர்வில் திரையில் ஒரு சொல் தோன்றும், 15 விநாடிகளில் அதைக்கொண்டு ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இப்படி 60 சொற்கள். முதல் பத்துச் சொற்களுக்கு மனப்பாடம் செய்த வாக்கியங்கள் கைகொடுக்கலாம், அதற்குப் பிறகு மனத்தில் உள்ளதுதான் தாளில் இறங்கும். கயிறு, பலகை கொண்டு தடைகளைத் தாண்டும் குழுப் பணிகளில் உரக்கப் பேசியவர்கள் எல்லோருமே தேறிவிடவில்லை என்பதையும், கயிறு நழுவியபோது பதறாமல் அடுத்தவருக்கு இடம்விட்டு நின்றவர்கள் கவனிக்கப்பட்டார்கள் என்பதையும் நான் கண்ணால் கண்டேன். இராமேசுவரத்தில் பிறந்து, தேர்வுக்காக டேராடூன் சென்ற அப்துல் கலாம், எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து விமானியாகும் வாய்ப்பை இழந்தது இத்தகைய ஒரு வாரியத்தின் முன்னால்தான். தகுதி இருந்தும் இடம் கிடைக்காமல் போகலாம் என்பதை அங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் அறிவர்.

பறக்கும் பிரிவை மற்றப் பிரிவுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது சி.பி.எஸ்.எஸ். என்னும் கணினி வழி விமானித் தேர்வு. இதை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும்; தோற்றால் விமானப்படையில் விமானியாக மறுபடி முயலவே இயலாது. முதலில் உயரமானி, வேகமானி, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம் முதலிய கருவிகளைப் பற்றி வகுப்பு எடுத்து, அவற்றின் முள்களைப் பார்த்து விமானத்தின் நிலையைச் சொல்லச் சொல்கிறார்கள். பிறகு விமானி அறையைப் போன்ற இருக்கையில் அமர வைக்கிறார்கள். திரையில் ஓயாமல் விலகி ஓடும் ஒரு புள்ளியை வலக்கைப் பிடியாலும் கால் மிதிகளாலும் நடுவில் நிறுத்த வேண்டும். அதே நேரத்தில் விளக்கு எரிந்தாலும் ஒலி கேட்டாலும் இடக்கையால் உடனே அணைக்க வேண்டும். எங்கள் வீடு நெசவாளர் வீடு. தறிக்குழியில் அமர்ந்து காலால் மிதியை மாற்றிக்கொண்டே கையால் நாடாவை ஓட்டி, கண்ணை இழையிலேயே வைத்திருக்கும் என் அப்பாவின் நிதானம்தான் அந்த இருக்கையில் எனக்குத் தேவைப்பட்டது. புள்ளி ஒருமுறை விலகியதும் அதைத் துரத்திப் பிடியை வேகமாக இழுத்தால் அது எதிர்ப்பக்கம் ஓடிவிடுகிறது. சிறிய அசைவுகளால் மெல்லத் திரும்ப அழைத்தால்தான் வருகிறது. துணிச்சலைவிடச் சிதறாத கவனத்தைத்தான் அந்தத் தேர்வு அளக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மருத்துவப் பரிசோதனை பெங்களூரில் உள்ள விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் நடந்தது. ககன்யான் வீரர்களுக்கான முதற்கட்டத் தேர்வு 2019இல் நடந்ததும் இதே நிறுவனத்தில்தான். அங்கே உடல் நலத்தோடு உடலின் அளவும் பார்க்கப்படுகிறது: உயரம் குறைந்தது 162.5 செ.மீ., கால் நீளம் 99 முதல் 120 செ.மீ., அமர்ந்த நிலையில் உயரம் 81.5 முதல் 96 செ.மீ., தொடை நீளம் 64 செ.மீ.க்கு மிகாமல். முதுகைச் சுவரோடு ஒட்ட வைத்து, முழங்காலின் முன்புறம் வரை அளவுகோலை நகர்த்தித் தொடையை அளந்தார்கள். ஆபத்தில் இருக்கையோடு விமானி வெளியே உந்தப்படும்போது முழங்கால் எதிரே உள்ள கருவிப் பலகையில் மோதிவிடக் கூடாது என்பதே காரணம். முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்து அவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதும் அதற்காகவே, அந்த உந்துதலின் முழுச் சுமையும் முதுகெலும்பின் மீதுதான் இறங்குகிறது. என்னோடு வந்தவர்களில் மிகத் திறமையான ஒருவர் தொடை நீளத்தால் திரும்பிப் போனார். எத்தனை உழைத்தாலும் மாற்ற முடியாத ஒன்றுக்காக அவர் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

இத்தனையும் தாண்டினாலும் இது தொடக்கமே. ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமியில் பயிற்சி, படைப்பிரிவில் பல ஆண்டுப் பணி, பெங்களூரில் சோதனை விமானிப் பயிற்சி, அதற்குப் பிறகுதான் விண்வெளி வீரர் தேர்வு. சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் 2003இல் பணியில் சேர்ந்தார். ககன்யான் வீரர்களில் ஒருவராக அவர் பெயர் நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது 2024 பிப்ரவரியில். சுக்லா சுகோய்-30, மிக்-21, மிக்-29, ஜாகுவார் உள்ளிட்ட விமானங்களில் ஏறத்தாழ 2,000 மணி நேரம் பறந்து, ரஷ்யாவில் விண்வெளி வீரர் பயிற்சி மையம் உள்ள நட்சத்திர நகரில் பயிற்சி பெற்று, ராக்கெட்டில் கசிவு, நிலையத்தில் கசிவு என்று புறப்பாடு அடுத்தடுத்துத் தள்ளிப்போனதையும் பொறுத்துக்கொண்டு சென்றவர்.

நான் இப்போது, இறுதியாகத் தேர்வானவர்களின் தகுதிப் பட்டியலுக்காகக் காத்திருக்கிறேன். விண்ணப்பிக்க எண்ணுபவர்கள் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்டும் முன், சுவரில் முதுகு ஒட்ட அமர்ந்து, வீட்டில் ஒருவரை டேப்பால் தொடையையும் காலையும் அளக்கச் சொல்லுங்கள். கண்ணையும் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.