யார் குறைத்தது?

இங்கிலாந்தில் உள்ளூராட்சிச் சபை வீடுகளுக்கு விதிக்கும் வரிதான் கவுன்சில் வரி. அதை வசூலிக்கும் பிரிவில் நான் வேலை செய்கிறேன். அங்கே ஏப்ரல் மாதம் எப்போதும் நெரிசல்தான். 2022 ஏப்ரலில் வழமையான நெரிசலோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. எரிசக்திச் செலவுக்கென்று அரசாங்கம் அறிவித்த 150 பவுணை ஏ முதல் டி வரையான பாண்டுகளில் (வீட்டு விலையை வைத்துப் பிரித்த வரிப்படிகள்) உள்ள வீடுகளுக்கு நாங்களே கொடுக்க வேண்டியிருந்தது. மே 5ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் என்பதால், பொதுமக்களோடு பேசும்போது கவனம் என்று மேலிடத்து மின்னஞ்சல்களும் வந்தவண்ணம் இருந்தன. அந்த நாட்களில் கவுண்டரில் ஒருவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் விதிப்படி சரியானது. இன்றைக்கும் அதைச் சரியென்றே வாதிடுவேன். வாதிட்டு முடித்த பிறகும் அது என்னை விடுவதாக இல்லை.

வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு இடங்களில் பகுதிநேரத் துப்புரவு வேலை. வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் டைரக்ட் டெபிட்டில் வரியைக் கட்டாதபடியால் 150 பவுண் அவருடைய கணக்குக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை. அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். விவரத்தைப் பதிய நான் கணக்கைத் திறந்தபோது, முந்தைய ஆண்டின் நிலுவையும், அதற்காக எடுத்த நீதிமன்ற ஆணையின் செலவு அதன்மேல் ஏறி நிற்பதும் திரையில் தெரிந்தன. சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னேன். என் கழுத்தட்டையில் பெயரைப் பார்த்திருக்க வேண்டும், சட்டென்று தமிழுக்கு மாறினார்.

“தம்பி, ஒரு கையால நூற்றைம்பது தாறியள், மற்றக் கையால அதைவிடக் கூட வாங்கிறியள். இது என்ன கணக்கு?”

இரண்டும் வேறு வேறு காசு என்று விளங்கப்படுத்தினேன். அவருக்கு அது விளங்காமல் இல்லை.

“முந்தி எனக்கு இந்த டக்ஸ் ஒரு சதமும் இல்லை. அப்பவும் இதே வீடு, இதே மாதிரிக் கூலிதான். பக்கத்து வீட்டுப் பென்ஷன்காரருக்கு இப்பவும் இல்லை. எனக்கு மட்டும் அந்த உதவியை ஆர் குறைச்சது? லேபரோ, கொன்சர்வேற்றிவோ? நீங்கள் உள்ளுக்கு இருக்கிற ஆள், உங்களுக்குத் தெரியாமலோ?”

“அண்ணை, அது முழுச்சபைக் கூட்டத்தில தீர்மானிச்ச திட்டம். வேலை செய்யிற வயதுக்காரர் ஆகக் குறைஞ்சது கால்பங்காவது கட்டவேணும் எண்டு அதில இருக்கு.”

“அப்ப, இந்தக் கவுன்சில்தான் செய்தது.”

“ஓம், திட்டம் கவுன்சிலின்ரதுதான்.”

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது இந்த “ஓம்” என்பதைத்தான். பொய் இல்லை. எங்கள் சபையை அப்போதும் அதற்கு முன்பும் ஆண்டது லேபர் கட்சி. திட்டத்துக்குக் கை உயர்த்தியவர்களும் அவர்கள்தான். ஆனால் அந்தத் திட்டம் அவர்களாக விரும்பிக் கொண்டுவந்தது அல்ல. 2013 ஏப்ரல்வரை வருமானம் குறைந்தவர்களின் கவுன்சில் வரிக்கான உதவி நாடு முழுவதற்கும் ஒரே விதியின்படி வழங்கப்பட்டது. செலவை மத்திய அரசு கொடுத்தது. கொன்சர்வேற்றிவ், லிபரல் டெமோக்ரட் கூட்டரசாங்கம் அந்த ஏற்பாட்டை நிறுத்தி, இங்கிலாந்தில் ஒவ்வொரு சபையும் தனக்கென ஒரு திட்டத்தை வகுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, கூடவே பணத்தில் ஏறத்தாழ பத்து வீதத்தையும் குறைத்துவிட்டது. ஓய்வூதிய வயதினருக்குக் கிடைத்ததில் கைவைக்கக் கூடாது என்பது அரசாங்கத்தின் நிபந்தனை. ஆகவே முழுக் குறைப்பும் வேலை செய்யும் வயதினரின் தலையில்தான் விழும்; முதியவர்கள் அதிகம் உள்ள இடத்தில் இன்னும் பலமாக விழும். பக்கத்து வீட்டுப் பென்ஷன்காரரைப் பற்றி அவர் கேட்டதற்கு உண்மையான விடை இதுதான். அந்த விடை எனக்கு மனப்பாடம். அவருக்கு நான் அதைச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, “இதைச் செய்தது வெஸ்ட்மின்ஸ்டர்”, அதாவது மத்திய அரசு, என்று சபையின் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் சொன்னால், சபையை ஆளும் கட்சிக்காக அவன் பேசுகிறான் என்றுதான் அர்த்தமாகும். மேல்நிலை உத்தியோகத்தர்கள் கட்சி அரசியலில் ஈடுபடுவதை 1989ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. என் பதவி அந்த உயரத்தில் இல்லை என்றாலும் பக்கச்சார்பின்றி நடக்க வேண்டும் என்ற நடத்தை விதி எனக்கும் உண்டு. அந்த விதியை நான் மதிக்கிறேன். வரி கேட்கிறவன் ஆளுக்கொரு அரசியல் விளக்கமும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினால் அந்தக் கவுண்டருக்கு யார் நம்பி வருவார்கள்?

அதோடு, நான் யாருக்கு வாக்களிக்கிறவன் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை என்றாலும், அந்த “ஓம்” என் விருப்பத்துக்கு எதிர்த்திசையில் போனது என்பதை மட்டும் சொல்லலாம். சில காலம் இது எனக்கு ஆறுதலாக இருந்தது: சாய்ந்து பேசியிருந்தால் மறுபக்கம் அல்லவா சாய்ந்திருப்பேன்! பிறகு அந்த ஆறுதலும் கெட்டது. சாயவில்லை என்று எனக்கு நானே காட்டிக்கொள்வதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்தேனோ என்ற சந்தேகம் வந்தது. யார் செய்தது என்ற கேள்விக்கு இங்கே எந்த இடத்தில் பதிலை நிறுத்தினாலும் அது ஒரு கட்சிக்கு இலாபம், மற்றதற்கு நட்டம். சபையோடு நிறுத்தினால் ஒன்று, பாராளுமன்றத்தோடு நிறுத்தினால் மற்றது. நிறுத்தாமல் முழுவதையும் சொல்ல ஒரு கால் மணி நேரமாவது வேண்டும். வாசல்வரை வரிசை நின்றது.

முழுவதும் சொன்னாலும் சபை தப்பிவிடாது என்பதையும் எழுத வேண்டும். ஸ்கொட்லாந்து அரசாங்கமும் வேல்ஸ் அரசாங்கமும் அந்தக் குறைப்பைத் தங்கள் மக்களின்மேல் இறக்கவில்லை. லண்டனிலேயே டவர் ஹம்லெட்ஸ் போன்ற சில சபைகள் வேறிடத்தில் மிச்சம்பிடித்து முழு உதவியையும் தொடர்ந்து கொடுத்தன. எங்கள் சபையாலும் முடிந்திருக்கலாம். எந்தச் செலவை வெட்டி என்பதுதான் கேள்வி. மக்கள் குப்பை வண்டியையும் தெருவிளக்கையும் நினைத்துக்கொண்டு வரி கட்டுகிறார்கள்; பணத்தின் பெரும்பகுதி முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்கும் பிள்ளைகள் பாதுகாப்புக்கும் போய்விடுகிறது, அவை சட்டப்படி தவிர்க்க முடியாதவை. 2018இல் நோர்தாம்ப்டன்ஷயரும் 2020இல் குரொய்டனும் கையிருப்புத் தீர்ந்து புதிய செலவுகளை நிறுத்தும் அறிவித்தலை விட்டதைப் பார்த்த எந்தச் சபையும் தாராளமாக இருக்கத் துணியாது. கால்பங்கு கேட்ட எங்கள் உறுப்பினர்கள் இரக்கமற்றவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கொடுக்க வழியில்லாதவரிடம் கேட்டு, நினைவூட்டல் அனுப்பி, தவணை தவறியதால் முழு ஆண்டுத் தொகையையும் ஒன்றாகக் கேட்டு, நீதிமன்றச் செலவையும் ஏற்றி, கடைசியில் பொருட்களைப் பறிமுதல் செய்யும் பெயிலிஃபை அனுப்புவதில் சபைக்கு மிஞ்சுவது என்ன என்று அவர்கள் இன்னும் கொஞ்சம் கணக்குப் பார்த்திருக்கலாம் என்று மட்டும் நினைக்கிறேன்.

எங்கள் பிரிவில், கவுன்சில் வரிக்கு முன்பு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிய தலைவரியின் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த மூத்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் இருந்தார். அன்று மத்தியானமே அவரிடம் இதைச் சொன்னேன். தலைவரி யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை என்றார் அவர். 1990 மார்ச் 31ஆம் திகதி டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தது, அந்த ஆண்டு முடியுமுன் பிரதமர் தட்சர் பதவியை விட்டுப் போனார். அதிலிருந்து எந்த அரசாங்கமும் உள்ளூர் வரியில் தன் கைரேகை பதிய விடுவதில்லை என்பது அவருடைய வாதம். 1993இல் வந்த கவுன்சில் வரி இங்கிலாந்தில் இன்றைக்கும் 1991 ஏப்ரல் 1ஆம் திகதி விலையில்தான் நிற்கிறது. போன மாதம் கட்டி முடித்த மாடிவீட்டுக்கும், அது 1991இல் இருந்திருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று ஊகித்துத்தான் பாண்ட் போடுகிறார்கள். அன்றைய 320,000 பவுணுக்கு மேல் எவ்வளவு பெறுமதியான மாளிகையானாலும் டி பாண்ட் வீட்டைப்போல் இரண்டு மடங்குதான் கட்டும். மறுமதிப்பீட்டை 2005இல் தள்ளிப்போட்டது லேபர். பிறகு வந்தவர்களும் அதைச் செய்யவில்லை. அன்று நான் பதிந்துகொண்டிருந்த 150 பவுணும் அதே பழைய பாண்டுகளை வைத்துத்தான் பங்கிடப்பட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு அவர் என்னை ஆறுதல்படுத்தவும் செய்தார். நீ அவருக்கு வேண்டியதைச் செய்தாய் என்றார். செய்தேன்தான். பத்துத் தவணையைப் பன்னிரண்டாக்கினேன். சபை தன் தற்றுணிபில் வரியைக் குறைக்க 1992ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுப்பதால் அதற்கான கஷ்ட நிவாரணப் படிவத்தை அவரோடு இருந்து நிரப்பினேன். 150 பவுணுக்கும் பதிந்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, “சரி தம்பி, அப்ப இந்தமுறை இவங்களுக்குப் போடுறதில்லை” என்று எழுந்து போனார். நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. அவர் எப்படியும் அப்படித்தான் முடிவெடுத்திருப்பார் என்று சில நாட்களில் நினைக்கிறேன். அப்படியானால் கேட்டு வந்தபோது அவர் ஏன் முன்பே முடிவெடுத்தவர்போல் தெரியவில்லை என்று வேறு சில நாட்களில் நினைக்கிறேன்.

தேர்தல் முடிந்ததும், கவுண்டரில் இந்தக் கேள்வி வந்தால் எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்வதற்காக இரண்டு வாக்கியம் எழுதி மேலாளருக்கு அனுப்பினேன். கட்சிப் பெயர் எதுவும் இல்லை. முதலாவது, 2013இல் மத்திய அரசு பொறுப்பைச் சபைகளிடம் மாற்றி, ஓய்வூதியரைத் தவிர்த்து நிதியைக் குறைத்தது என்பது. இரண்டாவது, எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை இந்தச் சபை தீர்மானித்தது என்பது. முதலாவது அரசியலாகத் தெரிகிறது என்று வெட்டிவிட்டு, இரண்டாவதை மட்டும் எல்லாருக்கும் சுற்றுக்கு விட்டார். ஏன் என்று கேட்டு எழுதினேன். கேட்பவர் விரும்பினால் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுமொழி வந்தது.

அதன் பிறகு ஆங்கிலத்தில் கேட்கிறவர்களுக்கு நான் ஒரு வாக்கியம் சொல்கிறேன், தமிழில் கேட்கிறவர்களுக்கு இரண்டும் சொல்கிறேன். ஒரே வரியைக் கட்டுகிற இரண்டு பேருக்கு இரண்டு அளவில் உண்மை கொடுப்பதை எந்த நடத்தை விதியும் ஒப்புக்கொள்ளாது என்பது தெரியும். பக்கத்துக் கவுண்டரில் இருப்பவர் குஜராத்தியில் என்ன சொல்கிறார் என்று நான் இதுவரை கேட்டதில்லை.