பின்பக்கக் கதவு

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள், ஆஸ்திரேலிய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் கீழ் சிகிச்சை அளிப்பதற்கான மருத்துவர் எண் பெற வேண்டுமானால், பொதுவாகப் பத்தாண்டுகள் மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் பணியாற்றியாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற நானும் அந்த விதியின்படிதான், நார்தர்ன் டெரிட்டரியின் பாலைநிலத்தில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில், வால்பிரி மொழி பேசும் பூர்வகுடி மக்களின் சிற்றூர் ஒன்றில் இருந்த மருத்துவ நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். போவதற்கு முன்பே பண்பாட்டுப் புரிதல் குறித்த இணையப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். இறந்தவரின் பெயரைச் சொல்லக் கூடாது, அப்பெயர் கொண்ட வேறொருவரை ‘குமன்ஜாயி’ என்றே அழைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு மருத்துவ சேவை பண்பாட்டு நோக்கில் பாதுகாப்பானதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நோயாளியும் அவருடைய குடும்பமும் சமூகமுமே என்ற வரியும் அந்தப் பயிற்சியில் இருந்தது. அதன் பொருள் எனக்கு விளங்குவதற்கு எட்டு மாதங்கள் ஆயின.

எங்களிடம் சிகிச்சை பெற்றுவந்த பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து போயிருந்தது. தொண்டையிலோ தோலிலோ தொற்றும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடல் நடத்தும் போராட்டம் சில குழந்தைகளுக்கு மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குகிறது. மீண்டும் மீண்டும் வந்தால் இதய வால்வுகள் நிரந்தரமாகக் கெட்டுவிடும். நெருக்கடியான வீடுகளும் போதிய தண்ணீர் வசதியின்மையும் சேர்ந்து வளர்க்கும் இந்த நோய், ஆஸ்திரேலியாவின் பிற மக்களிடையே ஏறக்குறைய மறைந்துவிட்டது. பூர்வகுடிக் குழந்தைகளை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறது. அதைத் தடுக்க 28 நாட்களுக்கு ஒருமுறை பென்சாதின் பென்சிலின் ஊசி போட வேண்டும், அதுவும் குறைந்தது 21 வயதுவரை. கெட்டியான மருந்து என்பதால் அது மிகவும் வலிக்கும் ஊசி.

அந்தச் சிறுமியின் பாட்டி அவளை இரண்டு முறை அழைத்து வந்து, இரண்டு முறையும் சற்று நேரத்திலேயே எழுந்து போய்விட்டார். ‘காத்திராமல் சென்றுவிட்டார்’ என்று பதிவேட்டில் எழுதினேன். மூன்றாவது மாதம் அவர் வரவே இல்லை. வழக்கமான கடிதம் ஒன்றை அனுப்பச் செய்தேன். ‘குழந்தையின் நலன் கருதி’ என்று தொடங்கும் அக்கடிதத்தில் தவறு எதுவும் இருப்பதாக எனக்கு அன்று தோன்றவில்லை.

எங்கள் நிலையத்தில் வால்பிரிப் பெண்மணி ஒருவர் பூர்வகுடி மருத்துவப் பணியாளராக இருந்தார். 2012 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் பதிவு பெற்ற தொழிலாக இருக்கும் அந்தப் பணியில் பல்லாண்டு அனுபவம் உள்ளவரை, மொழிபெயர்க்கவும் ஆட்களை வண்டியில் அழைத்து வரவும் மட்டுமே நான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன் என்பதை வருத்தத்தோடு இங்கே எழுதுகிறேன். கடிதம் போன பிறகு அவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: “அந்தப் பையன் அங்கே உட்கார்ந்திருந்தானே, நீங்கள் பார்க்கவில்லையா?”

பார்த்திருந்தேன். இரண்டு முறையும் காலில் கட்டுப் போட வந்திருந்த இளைஞன் அவன். பாட்டிக்கு இரத்த உறவு இல்லை; ஆனால் மருமகன் முறை. வால்பிரி மக்களிடையே மாமியார் முறையும் மருமகன் முறையும் ஆனவர்கள் நேருக்கு நேர் பார்க்கவோ, பேசவோ, ஓரிடத்தில் சேர்ந்து உட்காரவோ கூடாது. எங்கள் காத்திருப்பு அறையோ ஒரே அறை, அதற்கு ஒரே கதவு. மருமகப்பிள்ளை வந்தால் மாமியார் கதவோரம் ஒதுங்கி நின்று பேசிய வீட்டில் பிறந்தவள் நான். என் பாட்டி தாத்தாவின் பெயரைக் கடைசிவரை வாயால் சொன்னதில்லை. முறை என்றால் என்ன என்று எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்ற நினைப்புத்தான், அங்கே யார் யாருக்கு என்ன முறை என்று ஒருமுறைகூட என்னைக் கேட்கவிடாமல் செய்தது.

கடிதத்தைப் பற்றி அவர் சொன்னது இன்னும் கடுமையானது. நலன் என்று பொருள்படும் ‘வெல்ஃபேர்’ என்ற ஆங்கிலச் சொல், அந்தத் தலைமுறைக்கு குழந்தைகளைத் தூக்கிச் செல்ல வரும் அரசு வண்டி. பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்தெடுத்த கொள்கை 1970கள் வரை நீடித்தது. அதற்காக நாடாளுமன்றம் 2008 பிப்ரவரி 13 அன்றுதான் மன்னிப்புக் கேட்டது. நலன் என்ற சொல்லை யாரோ படித்துக் காட்டிய இரவே, பேத்தியை அழைத்துக்கொண்டு வேறு ஊரில் உள்ள தங்கையின் வீட்டுக்குப் பாட்டி போய்விட்டார்.

அவரைத் திரும்ப வரவழைத்தது நான் இல்லை. அந்தப் பெண்மணி தாமே சென்று பேசினார். அதற்கு முன் எனக்கு ஒன்று செய்தார்: அவர் நப்பல்ஜாரி, என்னையும் நப்பல்ஜாரி ஆக்கினார். வால்பிரிச் சமூகத்தில் எட்டுப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர். ஒரு பெயரைப் பெற்றவுடனேயே ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் நாம் ஏதோ ஒரு முறை ஆகிவிடுகிறோம். அவருக்கு நான் தங்கையானேன். பாட்டியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் அதோடு முடிவாயிற்று.

கட்டடத்தின் பின்புறம், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் ஒரு கதவு இருந்தது. அதன் தாழ்ப்பாள் துருவேறி, அடியில் செம்மண் அடைத்துக் கிடந்தது. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அதைத் திறந்து, நிழல்துணி கட்டி, ஒரு பெஞ்சும் தண்ணீர்க் குடமும் வைத்தோம். முன்னால் யார் இருந்தாலும் பின்னால் வந்து காத்திருக்கலாம். முதல் வாரத்திலேயே, பதிவேட்டில் ‘வருவதில்லை’ என்று குறிக்கப்பட்டிருந்த நான்கு பெண்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பூர்வகுடி மக்கள் தங்களுக்கென்று தாங்களே ஏன் மருத்துவ நிலையம் தொடங்கினார்கள் என்பதைப் பயிற்சியில் வரலாறாகப் படித்தபோது புரியாதது, அந்த நால்வரைப் பார்த்தபோது புரிந்தது.

அடுத்து, சிறுமிக்கு நகரத்தில், ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. நான் விளக்கியதற்கெல்லாம் பாட்டி “யுவாயி, யுவாயி” என்றார். ஆம் என்று பொருள். முன்பென்றால் அதைச் சம்மதமாக எழுதியிருப்பேன். இம்முறை தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, நான் சொன்னதை அவர் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்லக் கேட்டேன். இதயத்தை வெட்டித் திறந்து பார்க்கப் போகிறோம் என்று அவர் நினைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. பிறகு, யாரிடம் கேட்க வேண்டும் என்று கேட்டேன். சிறுமியின் பெரியம்மா; அவர்கள் மொழியில் அவரும் அம்மாவேதான். படிவத்தில் பாதுகாவலருக்கு ஒரே ஒரு கோடுதான் இருந்தது. ஓரத்தில் மூன்று பெயர்களை எழுதிச் சேர்த்தோம். முடிவெடுக்க அவர்களுக்கு ஒன்பது நாட்கள் ஆயின. பெரியம்மா உடன் செல்ல, சிறுமி போய்வந்தாள். வால்வில் சிறு கசிவுதான். ஊசி தவறாமல் போட்டால் போதும் என்றார்கள்.

அவ்வாண்டுக் குளிர்காலத்தில் பாட்டியின் அண்ணன் முறை ஆனவர் ஒருவர் இறந்தார். குடும்பம் முழுவதும் ஊருக்கு வெளியே துக்க முகாமில் தங்கியிருந்தது. யாரும் நிலையத்துக்கு வரமாட்டார்கள். சிறுமிக்கு 27ஆம் நாள். அந்தப் பெண்மணி முதலில் தனியாகப் போய் அனுமதி கேட்டுவிட்டு வந்து, குளிர்பெட்டியோடு என்னையும் அழைத்துச் சென்றார். சிரிஞ்சைத் தம் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடாக்கினார். ஊசி போட வேண்டிய இடத்தைக் கட்டை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்திருந்துவிட்டு, மருந்தை மெல்ல மெல்லச் செலுத்தினார். எங்கே நிற்பது என்று தெரியாமல் நான் தயங்கியபோது, பாட்டி தலை நிமிராமலே “நப்பல்ஜாரி” என்று கூப்பிட்டு, தம் போர்வையின் ஓரத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.