துணி அசல், தையல் போலி

இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் கேமஃபிளாஜ் உடைகளை, அதாவது சுற்றுப்புறத்தோடு கலந்து ஆளை மறைக்கும் உடைகளை, சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்.எஸ். மேலுடைக்குப் போகாதீர்கள். முதலில் ஒரு ட்ஸெல்ட்பான் வாங்குங்கள். முக்கோணக் கூடாரத் துணி அது, 1931இல் வந்தது, அதாவது நாஜிகள் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்பே. நெருக்கமாக நெய்த பருத்தி. ஒரு பக்கம் அடர் நிறம், மறுபக்கம் வெளிர். மணலும் சாம்பலும் கலந்த நிறத்தின்மேல் பச்சையிலும் பழுப்பிலும் உடைந்த கண்ணாடிச் சில்லு போலக் கூர்கூரான வடிவங்கள், அதற்கும் மேலே மெல்லிய பச்சைக் கோடுகள். நடுவில் இருக்கும் பிளவில் தலையை விட்டால் மழைக்கோட்டு, நான்கைப் பட்டன் போட்டு இணைத்தால் நான்கு பேர் படுக்கும் கூடாரம். ஏராளமாகச் செய்ததால் இன்றும் கிடைக்கிறது, விலையும் மற்றதைப் பார்க்கக் குறைவு. அந்தத் துணியைத் தடவிப் பழகிய கைக்கு அதன் முறுக்கமும் கனமும் மறக்காது, அப்புறம் புதிதாக அச்சடித்த போலித் துணி கைக்கு வந்தால் பெரும்பாலும் தொட்டதுமே சந்தேகம் வந்துவிடும்.

ஆனால் இந்தத் துறையில் உண்மையான ஆபத்து போலித் துணி இல்லை. விலை குறைந்த அசல் கூடாரத் துணியை வெட்டி, விலை கூடிய மேலுடையாகவோ ஹெல்மெட் உறையாகவோ தைத்து விற்கிறார்களே, அதுதான். வாஃபன் எஸ்.எஸ்.ஸுக்கும் அவர்கள் டிசைனிலேயே கூடாரத் துணி இருந்தது, அதனால் டிசைனை வைத்து இதைப் பிடிக்கவே முடியாது. துணி அசல், சாயம் அசல், துணிக்கு எந்தச் சோதனை வைத்தாலும் தேறிவிடும். போதாக்குறைக்கு, போர்முனையிலேயே கூடாரத் துணியை வெட்டி உடை தைத்துக்கொண்டவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள், விற்பவர் அந்தக் கதையை எடுத்துவிட்டால் வாங்குகிறவர் வாயடைத்துப் போகிறார்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, உடையை உள்புறமாகத் திருப்புவதுதான். தோள் தையலில் மடிந்து உள்ளே போயிருக்கும் துணி விளிம்பை நகத்தால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். தைத்த பிறகு வெயிலிலும் மழையிலும் கிடந்த உடை என்றால் வெளியே வெளுத்திருக்கும், வெளிச்சம் போகாத அந்த அரை விரல் அகலத்தில் மட்டும் பச்சை இன்னும் பச்சையாகவே இருக்கும். மடிப்புக்குள்ளும் வெளியே இருக்கிற அதே வெளுப்புதான் என்றால், துணி முதலில் வெளுத்திருக்கிறது, பிறகுதான் யாரோ வெட்டித் தைத்திருக்கிறார்கள். பழைய பட்டன் உட்கார்ந்திருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம், அர்த்தமில்லாத இடத்தில் வரிசையாக ஊசித் துளைகள், இவையும் அதே கதையைத்தான் சொல்லும். நூலையும் பாருங்கள். பாலியெஸ்டர் 1941இல்தான் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது, போர்க் கால ஜெர்மன் உடையின் மூலத் தையலில் அது இருக்க வழியே இல்லை. நூல் முனையில் தீ வைத்தால் பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். பின்னாளில் கிழிசலை யாராவது தைத்திருக்கலாம் என்பதால் முதன்மைத் தையலில் இருந்துதான் நூல் எடுக்க வேண்டும்.

புற ஊதா டார்ச் அடித்துப் பார்ப்பதை எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள், இந்தக் காலத்துத் துணியிலும் நூலிலும் சேர்க்கும் வெண்மையூட்டிகள் அதில் நீலமாக ஒளிரும் என்பதால். நீலமாக ஒளிர்ந்தால் போலி என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது, அசல் உடையை இந்தக் காலத்துச் சோப்புத்தூளில் ஒருமுறை துவைத்தாலே ஒளிரும். ஒளிரவில்லை என்பதாலும் அசல் ஆகிவிடாது. உடையில் குத்தியிருக்கும் முத்திரை எண்களையும் நான் கடைசியில்தான் பார்ப்பேன், முத்திரை குத்துவது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

வாஃபன் எஸ்.எஸ். மேலுடை என்று வந்துவிட்டால் வெட்டு முக்கியம். ஒரு பக்கம் வசந்த காலப் பச்சை, திருப்பிப் போட்டால் இலையுதிர் காலப் பழுப்பு. மியூனிக்கின் ஓட்டோ ஷிக் உருவாக்கிய டிசைன்கள், 1937இல் சோதித்துப் பார்த்து, போர் தொடங்கும் முன்பே படைக்குப் போய்ச் சேர்ந்தவை. முதல் மாடலில் பாக்கெட் கிடையாது, உள்ளே போட்டிருக்கும் சட்டைக்குக் கைவிட மார்பில் நெடுக்காக இரண்டு திறப்பு இருக்கும். பிந்திய மாடலில் கீழ்ப்பகுதியில் பாக்கெட்டும் இலைதழை செருகத் துணி வளையங்களும் வந்தன. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் அவர்களுடைய கேமஃபிளாஜ் துணி ஜெர்மானியர் கைக்குப் போனது, அதில் தைத்த உடைகள் நார்மண்டிச் சண்டைப் படங்களில் நிறையத் தெரியும். போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி ராணுவமும் எல்லைக் காவல் படையும் பல்கேரியாவும் பழைய டிசைன்களை மறுபடி அச்சடித்தன. அவற்றைப் போர்க் காலத்து உடை என்று தள்ளிவிடுகிற வியாபாரம் இன்றும் நடக்கிறது.

விற்பனை விவரங்களில் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் எழுதுவதில்லை, எனக்கு அதில் கோபமே உண்டு. பெர்லினுக்கு வடக்கே ராவன்ஸ்பிரூக் பெண்கள் வதைமுகாமில், 1940இல் எஸ்.எஸ். தொடங்கிய டெக்ஸ்லெட் நிறுவனத்தின் தையல் கூடங்களில், கைதிப் பெண்கள் இரவு பகலாக மாறி மாறி வாஃபன் எஸ்.எஸ். சீருடைகளைத் தைத்தார்கள். நாளுக்கு இத்தனை என்று கணக்கு, கணக்குத் தப்பினால் அடி. அசல் தையல் எவ்வளவு நேர்த்தி என்று நாம் வியந்து பேசும்போது அந்தக் கைகளையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் அது பாதி அடையாளம்தான். என் குறிப்பு அட்டைகளில் டிசைன், ஆண்டு, துணி இவற்றுக்கு அடுத்து தைத்த இடம் என்று ஒரு வரி வைத்திருக்கிறேன். ஆதாரம் கிடைக்காதபோது அந்த வரியைக் காலியாக விட்டுவிடுகிறேன், ஊகத்தில் எதையும் எழுதி நிரப்புவதில்லை.