முதலில் வயிற்றைப் பாருங்கள்

மலேசியாவில், பேராக்கில், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டப்புற ஊரில் பல வருடம் பிரசவ வார்டில் தாதியாக இருந்தேன். ஊர்க்காரர்களுக்கு மிஸ்ஸி. பிறந்த குழந்தையை எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதை எனக்கு அங்கே சொல்லிக்கொடுத்தவர் ஒரு பாட்டி.

அன்று விடியற்காலை, நிறைமாதம், சுகப்பிரசவம். குழந்தை ஒரே ஒரு தடவை அழுதது, அப்புறம் முனகல், விலா உள்ளே இழுக்க இழுக்க உடம்பெல்லாம் நீலம். வழக்கம்போல முகத்தில் மாஸ்க்கை வைத்துக் காற்றுப் பையை அமுக்கினேன். பெரும்பாலான பிள்ளைகள் அதிலேயே தேறத் தொடங்கிவிடுவார்கள், இவனுக்கு இன்னும் மோசமானது. மகளின் தலைமாட்டில் நின்ற பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸி, என்னாம்மா இது, புள்ளைக்கு வயித்தையே காணோம்?" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். நிறைமாதக் குழந்தையின் வயிறு கொஞ்சம் உப்பலாக, மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும். இவன் வயிறு தோணியின் உட்பக்கம் போல முதுகோடு ஒட்டிக் கிடந்தது, நெஞ்சு மட்டும் உருண்டு புடைத்திருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இடப்பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை, இதயம் வலப்பக்கம் துடிக்கிறது. ஓடி வந்த டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாஸ்க்கை எடுங்க" என்றார்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கருவில் எட்டிலிருந்து பத்து வாரத்துக்குள் மூடிக்கொள்ள வேண்டும். சுமார் 3000 பிறப்புகளில் ஒன்றில் அங்கே ஓட்டை நின்றுவிடுகிறது, நூற்றில் 80க்கு மேல் இடப்பக்கம். குடலும் இரைப்பையும் நெஞ்சுக்குள் ஏறிவிட, நுரையீரல் வளர இடமில்லாமல் சிறுத்துப்போகிறது. மாஸ்க் வழியாக நாம் தள்ளும் காற்று இரைப்பைக்கும் போகும், நெஞ்சுக்குள் இருக்கும் அந்த இரைப்பை ஊதி, இருக்கிற கொஞ்சம் நுரையீரலையும் நசுக்கும். அதனால்தான் மூச்சுக்குழாயில் நேராகக் குழாய் போடுகிறார்கள். டாக்டர் அதைப் போட, நான் வாய் வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய் இறக்கிக் காற்றை உறிஞ்சி எடுத்தேன். எக்ஸ்ரேயில் இடது நெஞ்சு முழுக்கக் குடல் சுருள்கள்.

வயிற்றைப் பார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று அப்புறம்தான் முழுசாகப் புரிந்தது. நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கினாலும் ஒரு பக்கம் சத்தம் குறையும், இதயம் நகரும். அதற்கு நெஞ்சில் ஊசி குத்திக் காற்றை எடுப்பார்கள், இந்தப் பிள்ளைக்கு அப்படிக் குத்தினால் ஊசி குடலில் இறங்கும். கை வைப்பதற்கு முன்னாலேயே அந்த ஒட்டிய வயிறு நம்மை எச்சரிக்கிறது. நெஞ்சில் குடல் சத்தம் கேட்கும் என்று படித்திருந்தேன், அன்று எனக்குக் கேட்கவில்லை, அதற்காகக் காத்திருந்தால் நேரம்தான் போயிருக்கும். வலப்பக்க ஓட்டை என்றால் கல்லீரல் மேலே ஏறும், வயிறு இவ்வளவு தெளிவாக ஒட்டாமலும் இருக்கலாம், அதனால் வயிறு சாதாரணமாகத் தெரிந்தால் கவலையில்லை என்று நினைத்துவிடவும் கூடாது.

ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆபரேஷன் செய்யும் அளவுக்குக்கூட அவன் தேறவில்லை, நாலாம் நாள் போய்விட்டான். அந்த அரை நிமிடம் நான் அமுக்கியதுதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். அம்மா வயிற்றில் இருக்கும்போதே அவன் நுரையீரல் சிறுத்துவிட்டது என்றார். நான் மறுபடி கேட்கவில்லை.

அதற்கப்புறம் ட்ராலியில் மாஸ்க்குக்கு அடியில் 8 அளவு இரைப்பைக் குழாய் ஒன்றை வைக்க ஆரம்பித்தேன். புதிதாக வந்த தாதிகள் இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்பார்கள், அந்தப் பாட்டி சொன்னதை அப்படியே சொல்வேன்.